சுருங்காத மின்கலமும் அவசரக்காரப் பணமும்

என்னிடம் இயற்பியல் படிக்கும் மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு பத்திரிகைச் செய்தியைக் கத்தரித்துக் கொண்டுவந்து காட்டினார். புதிய வகை மின்கலம் செய்யப் புறப்பட்டுள்ள ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் பல கோடி டாலர் முதலீடு செய்யப்பட்டிருக்கிறது என்பது செய்தி. "சார், இவ்வளவு பணம் போடுகிறார்கள் என்றால் கண்டுபிடிப்பு சரியாகத்தான் இருக்கும், இல்லையா?" என்று கேட்டார். இதற்கு நேர் எதிரான கேள்வியையும் நான் கேட்டதுண்டு. "இத்தனை கம்பெனிகள் திவாலாகிவிட்டனவே, சூரிய மின்சாரம் என்பதே வெறும் பேச்சுதானே?" என்று ரயிலில் அருகில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்டார். இரண்டு கேள்விகளிலும் இருக்கும் பிழை ஒன்றுதான். பணம் வந்ததையும் போனதையும் கொண்டு அறிவியலை அளக்கிறோம். அந்த அளவுகோல் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை ஒரு கம்பெனியின் கதையை முன்வைத்து நாம் ஆராய்வோம்.

முதலில் துணிகர முதலீடு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். வங்கி கடன் கொடுக்குமுன் அடமானம் கேட்கும். தவணை தவறாமல் வட்டியும் கேட்கும். துணிகர முதலீட்டாளர் இவ்விரண்டையும் கேட்பதில்லை. கம்பெனியில் பங்கு வாங்கிக்கொள்கிறார். கம்பெனி நொடித்தால் அவருடைய பணமும் போயிற்று. வளர்ந்தால் பங்கை விற்றுப் பெருந்தொகை எடுத்துக்கொள்வார். இம்முறையைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் டோரியோ. 1946-இல் அவரும் நண்பர்களும் அமைத்த முதலீட்டு நிறுவனம், 1957-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணிப்பொறிக் கம்பெனியில் 70,000 டாலர் போட்டது. 1966-இல் அக்கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தபோது அந்தத் தொகை ஐந்நூறு மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. பின்னால் வந்தவர்கள் அனைவரும் இன்னொரு டிஜிட்டல் எக்விப்மென்டைத் தேடியவர்களே எனலாம்.

இந்த முதலீட்டாளர் போடுவது பெரும்பாலும் பிறர் பணம். ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள் போன்றவற்றிடம் திரட்டுகிறார். சாதாரணமாகப் பத்து ஆண்டுகளுக்குள் இலாபத்தோடு திருப்பித் தருவதாக ஒப்புக்கொள்கிறார். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் கம்பெனிகளில் தலைக்குப் பத்துக் கோடி வீதம் நூறு கோடி போடுகிறார். பத்தாண்டு முடிவில் அது முந்நூறு கோடியாக வேண்டும். ஆறு கம்பெனிகள் அடியோடு மூழ்குகின்றன. மூன்று, போட்ட பணத்தை மட்டும் திருப்பித் தருகின்றன. ஆகவே மிச்சமுள்ள ஒரே கம்பெனி 270 கோடி தரவேண்டும். அதாவது இருபத்தேழு மடங்கு. பத்தில் எது அந்த ஒன்று என்று முன்கூட்டித் தெரியாது. எனவே பத்துமே இருபத்தேழு மடங்கு வளரக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிறார். நல்ல கம்பெனி, நிதானமான இலாபம் என்றால் அவருக்குப் பயனில்லை.

கணிப்பொறி நிரல்களுக்கு இக்கணக்குப் பொருந்தியது. ஒரு நிரலை ஒருமுறை எழுதிவிட்டால் பத்து இலட்சமாவது பயனருக்கு அதைக் கொடுக்க ஏறக்குறைய செலவே இல்லை. 1999-இல் கூகிள் கம்பெனியில் இரு முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து இரண்டரைக் கோடி டாலர் போட்டன. 2004-இல் கூகிள் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மொத்த மதிப்பு சுமார் 2,300 கோடி டாலர். அந்த இரு நிறுவனங்களில் ஒன்று கிளைனர் பெர்க்கின்ஸ். அதன் பங்குதாரர் ஜான் டோர் 2007 மார்ச்சில் கலிபோர்னியாவில் ஒரு மேடையில் பேசினார். பசுமைத் தொழில்நுட்பம் இணையத்தைவிடப் பெரிய வாய்ப்பு, இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய பொருளாதார வாய்ப்பாகக்கூட இருக்கலாம் என்பது அவர் பேச்சின் சாரம். புவி வெப்பமடைவதைப் பற்றித் தம் மகள் சொன்னதை நினைவுகூர்ந்தபோது கண்கலங்கவும் செய்தார். அது நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். அவருடைய கவலை உண்மையானது; ஒப்புமைதான் தவறானது.

எங்கே தவறு என்பதை அறிய, அப்பகுதிக்குச் சிலிக்கன் பள்ளத்தாக்கு என்ற பெயர் வரக் காரணமான பொருளையே எடுத்துக்கொள்வோம். கணிப்பொறிச் சில்லும் சூரிய மின்கலமும் பெரும்பாலும் சிலிக்கனால் ஆனவை. இரண்டும் குறைகடத்திகள். ஒன்றில் வெற்றி கண்டவர் மற்றொன்றிலும் காண்பார் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் டிரான்சிஸ்டரின் வேலை, மின்னோட்டத்தைத் திறந்து மூடுவது. அதைச் சிறிதாக்கினாலும் அதே வேலையைச் செய்யும். இன்னும் விரைவாகவும் செய்யும். 1971-இல் வந்த இன்டெல் 4004 சில்லில் ஏறக்குறைய 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று நகத்தளவு சில்லில் ஆயிரம் கோடிக்கு மேல் இருக்கின்றன. விலை சரிந்ததும் வேகம் கூடியதும் இந்தச் சுருக்கத்தால் வந்தவை.

சூரிய மின்கலத்தைச் சுருக்க முடியாது. அதன் வேலை வெயிலை ஏந்துவது. மேகமற்ற நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயிலின் திறன் சுமார் 1,000 வாட். இருபது விழுக்காடு திறனுள்ள பலகை அதில் 200 வாட்டை மின்சாரமாக்கும். ஒரு இலட்சம் கிலோவாட் நிலையம் வேண்டுமானால் ஐந்து இலட்சம் சதுர மீட்டர் பலகை செய்தே ஆகவேண்டும். எந்த மேதையாலும் இந்தப் பரப்பை ஆயிரத்தில் ஒன்றாக்க இயலாது. லென்சு வைத்து வெயிலைக் குவித்தால் கலத்தைச் சிறிதாக்கலாமே என்று கூர்மையான மாணவர் கேட்கக்கூடும். ஆக்கலாம், ஆனால் அந்த லென்சு அதே பரப்பை அடைத்துக்கொள்ளும், சூரியனைத் தொடர்ந்து திரும்பும் பொறியும் வேண்டும்.

திறனையாவது பன்மடங்கு உயர்த்த முடியுமா? 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவரும் செய்துகாட்டிய சிலிக்கன் கலத்தின் திறன் சுமார் 6 விழுக்காடு. இன்று கடைகளில் விற்கும் பலகைகள் இருபதைச் சற்றுத் தாண்டியுள்ளன. எழுபது ஆண்டுகளில் ஏறக்குறைய நான்கு மடங்கு, அவ்வளவே. இதற்கு மேல்வரம்பும் உண்டு. ஒற்றைச் சந்தி கொண்ட கலம், விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்களவுக்கு மேல் மின்சாரமாக்க முடியாது என்பதை 1961-இல் ஷாக்லியும் குவெய்சரும் காட்டிவிட்டனர். இந்த ஷாக்லி, டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரே! சில்லுக்குக் கதவைத் திறந்துவைத்தவரே சூரியக் கலத்துக்கு எல்லைக் கோட்டையும் போட்டார். முதலீட்டாளர்கள் அவருடைய முதல் பணியை மட்டும் நினைவில் வைத்திருந்தார்கள் போலும்.

ஆயினும் சூரிய மின்கலம் மலிவாகத்தான் செய்தது. அது மலிவான வழி வேறு. உலகில் இதுவரை செய்யப்பட்ட பலகைகளின் மொத்தம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவந்திருக்கிறது. மெல்லிய வாளால் அறுப்பது, வெள்ளிப் பூச்சைக் குறைப்பது, உடைசலைத் தடுப்பது என்று தொழிற்சாலைக்குள் நடக்கும் ஆயிரம் சில்லறைச் சீர்திருத்தங்களின் பயன் அது. இவ்வழியில் செல்ல நிறையத் தொழிற்சாலைகள் கட்ட வேண்டும், குறைந்த இலாபத்தில் நெடுநாள் தாக்குப்பிடிக்க வேண்டும். இருபத்தேழு மடங்கு கேட்கும் பணத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது.

இனி சோலிண்ட்ரா கம்பெனியின் கதைக்கு வருவோம். கலிபோர்னியாவில் பிரீமான்ட் நகரில் 2005-இல் தொடங்கப்பட்டது. நிறுவியவர் கிறிஸ் குரோனெட், சில்லு செய்யும் இயந்திரங்களைத் தயாரிக்கும் அப்ளைடு மெட்டீரியல்ஸ் கம்பெனியில் உயர் பதவி வகித்தவர். அக்காலத்தில் தூய சிலிக்கனுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. 2004 வாக்கில் கிலோ 30 டாலர் அளவில் இருந்த விலை 2008-இல் வெளிச்சந்தையில் 400 டாலரையும் தாண்டிற்று. சிலிக்கன் ஒளியை மெதுவாகவே உறிஞ்சும். ஆகையால் 150 முதல் 200 மைக்ரான் தடிமன் வேண்டும். தாமிரம், இண்டியம், காலியம், செலினியம் ஆகிய நான்கும் சேர்ந்த சேர்மமோ இரண்டு மைக்ரான் படலத்திலேயே ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். சிலிக்கனே இல்லாமல் இச்சேர்மத்தைக் கொண்டு கலம் செய்வது என்று சோலிண்ட்ரா முடிவு செய்தது. இதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல இயற்பியல்தான்.

ஆனால் அவர்கள் படலத்தைத் தட்டையான கண்ணாடியில் பூசவில்லை. கண்ணாடிக் குழாயின் மேற்புறத்தில் சுற்றிலும் பூசினார்கள். அதை இன்னொரு குழாய்க்குள் வைத்து, இடைவெளியில் ஒளியை உள்நோக்கி வளைக்கும் திரவத்தை நிரப்பி, இரு முனைகளையும் அடைத்தார்கள். இப்படி நாற்பது குழாய்களை இடைவெளி விட்டு அடுக்கினால் ஒரு பலகை. காற்று இடைவெளி வழியாகப் புகுந்து போய்விடும். ஆகவே கூரையில் துளை போட்டு முடுக்க வேண்டியதில்லை. காலை முதல் மாலை வரை சூரியன் எங்கிருந்தாலும் குழாயின் ஏதோ ஒரு பக்கம் அதை நேராகப் பார்க்கும். வெள்ளைப் பூச்சுள்ள கூரையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சத்தை அடிப்பக்கம் வாங்கிக்கொள்ளும். கேட்பதற்கு மிக அழகாக இருக்கிறது.

இப்போது வாசகர்கள் ஒரு பழைய குழல்விளக்கை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். தரையில் விழும் நிழலின் அகலம் என்ன? குழாயின் விட்டம். குழாயின் சுற்றளவோ விட்டத்தைப் போல 3.14 மடங்கு. ஆக, ஒரு சதுர மீட்டர் நேர் வெயிலைப் பிடிக்கத் தட்டைக் கண்ணாடியில் ஒரு சதுர மீட்டர் படலம் போதும். குழாயில் மூன்றேகால் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவான படலம் வேண்டும். அதன்மேல் இரண்டாவது குழாய், திரவம், மூடிகள். இவற்றையெல்லாம் செய்ய உலகில் வேறெங்கும் இல்லாத இயந்திரங்களைத் தாமே வடிவமைக்க வேண்டும். கூரையில் பொருத்தும் கூலியில் மிச்சப்படுத்தியதைக் குழாய் செய்வதில் இழக்கிறோமா என்பதுதான் கேள்வி. சிலிக்கன் விலை கிலோ 400 டாலரிலேயே நின்றால் குழாய் பிழைக்கும், இறங்கினால் பிழைக்காது. சோலிண்ட்ரா உண்மையில் பந்தயம் கட்டியது சிலிக்கனின் சந்தை விலையின்மீது. பூமியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடியாக மிகுதியாகக் கிடைக்கும் தனிமம் சிலிக்கன். அதைத் தூய்மைப்படுத்தும் ஆலைகள் போதாமையால் வந்த தட்டுப்பாடு அது. ஆலைகள் வந்தன. 2011 இறுதியில் விலை மீண்டும் 30 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது.

பணத்தின் அவசரத்தை இவ்விடத்தில் கவனிக்க வேண்டும். தனியார் முதலீட்டாளர்கள் ஏறத்தாழ நூறு கோடி டாலர் போட்டிருந்தார்கள். 2009 செப்டம்பரில் அமெரிக்க அரசு 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் அளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் பங்குச் சந்தைக்குப் போக விண்ணப்பித்தார்கள். 2010 மார்ச்சில் கணக்குத் தணிக்கையாளர்கள், கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதே ஐயம் என்று எழுதினார்கள். மே மாதம் குடியரசுத் தலைவர் ஒபாமா தொழிற்சாலைக்கு வந்து பாராட்டிப் பேசினார். அடுத்த மாதமே பங்கு வெளியீட்டைக் கைவிட்டார்கள். 2011 தொடக்கத்தில் கடன் திருத்தி எழுதப்பட்டது. புதிதாக 7.5 கோடி டாலர் கொடுத்த தனியாருக்கு, கம்பெனி மூழ்கினால் அரசுக்கு முன்பாகப் பணத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை தரப்பட்டது. ஆகஸ்டு 31-ஆம் நாள் கதவு மூடப்பட்டது. சுமார் 1,100 பேருக்கு வேலை போயிற்று. கம்பெனி அதிகாரிகள் அரசுக்குத் தந்த விவரங்கள் சில உண்மைக்கு மாறானவை என்று 2015-இல் எரிசக்தித் துறையின் தலைமை ஆய்வாளர் அறிக்கை கூறிற்று. எஞ்சிய குழாய்களில் 1,368-ஐ இரண்டு கட்டடக் கலைஞர்கள் பெற்று 2012-இல் பெர்க்கிலித் தாவரவியல் பூங்காவில் ஒரு சிறு குகைபோல் அடுக்கி வைத்தனர். வெளிச்சம் அவற்றின் வழியே உள்ளே வருவது பார்க்க அழகாக இருந்ததாம்.

அமெரிக்க அரசியலில் இதிலிருந்து எடுத்த பாடம், அரசு இதில் தலையிடக் கூடாது என்பது. அரைகுறைப் பாடம். அதே கடன் திட்டத்தின் நிர்வாகத்தில் டெஸ்லா கார் கம்பெனிக்கு 2010 ஜனவரியில் 46.5 கோடி டாலர் கடன் கிடைத்தது. 2013 மே மாதத்திலேயே வட்டியோடு திருப்பிக் கட்டிவிட்டார்கள். 2014 இறுதியில் அத்திட்டம் முழுவதையும் கணக்கிட்டபோது இழப்பு 78 கோடி டாலர், வட்டி வருவாய் 81 கோடி டாலர் என்று வந்தது. எனக்குள்ள குறை வேறு. தோற்ற கம்பெனியின் இழப்பு அரசின் தலையில் விழுந்தது. வென்ற கம்பெனியில் அரசுக்குக் கிடைத்தது முதலும் வட்டியும் மட்டுமே. பங்கு உயர்ந்ததன் பயன் முழுவதும் தனியாருக்குப் போயிற்று. துணிகரம் யாருடையது?

வென்றவர்கள் கதையும் இனிமையானதன்று. ஆஸ்திரேலியாவில் பேராசிரியர் மார்ட்டின் கிரீனிடம் ஆராய்ச்சி செய்த ஷி செங்ராங், 2001-இல் சீனத்து ஊசி நகரில் உள்ளூர் அரசின் ஆதரவோடு சன்டெக் கம்பெனியைத் தொடங்கினார். சாதாரணத் தட்டைச் சிலிக்கன் பலகைதான். ஜெர்மனி 2000-இல் சட்டம் இயற்றி, கூரைச் சூரிய மின்சாரத்துக்கு இருபதாண்டுக் காலம் நிலையான விலை தந்தது. பலகைகள் அங்கே குவிந்தன. உலகின் மிகப் பெரிய பலகைத் தயாரிப்பாளராக வளர்ந்த அந்தச் சன்டெக்கின் தலைமைத் தொழிற்சாலையும் 2013 மார்ச்சில் திவாலாயிற்று! பலகை மலிந்தது, இலாபம் கரைந்தது. மின்சாரம் வாங்குபவர் அது குழாயிலிருந்து வந்ததா பலகையிலிருந்து வந்ததா என்று பார்ப்பதில்லை, யூனிட் என்ன விலை என்றே பார்க்கிறார். ஆகவே எரிசக்தியில் ஒருவர் கண்ட முன்னேற்றத்தின் பயன் விலைக் குறைவாக மக்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. முதலீட்டாளருக்கு நட்டம், உலகுக்கு இலாபம். வெற்றி தோல்வியை முதலீட்டாளர் கணக்கைப் பார்த்தே எழுதும் பத்திரிகைகள் இதைத் தோல்வி என்று எழுதின.

சோலிண்ட்ரா தனி ஒன்றல்ல. மரச்சில்லுகளிலிருந்து எண்ணெய் எடுக்க மிசிசிப்பி மாநிலத்தில் ஆலை கட்டிய கியோர், வினோத் கோஸ்லாவின் பெரும் முதலீட்டைப் பெற்றது. 2014 நவம்பரில் திவால். ஒரு டன் மரத்திலிருந்து எவ்வளவு எண்ணெய் கிடைக்கும் என்பதில் அது முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2016-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குற்றம் சாட்டியது. கார் மின்கலங்களைக் கழற்றி மாற்றும் நிலையங்கள் அமைத்த பெட்டர் பிளேஸ் சுமார் 85 கோடி டாலரைக் கரைத்து 2013 மே மாதம் மூடியது. 2016-இல் பெஞ்சமின் காடி, வருண் சிவராம், பிரான்சிஸ் ஓசல்லிவன் ஆகியோர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வழியாக வெளியிட்ட ஆய்வு மொத்தக் கணக்கைத் தருகிறது. 2006 முதல் 2011 வரை இத்துறையில் போடப்பட்ட துணிகர முதலீடு 2,500 கோடி டாலருக்கு மேல். அதில் பாதிக்கு மேல் போயிற்று. புதிய பொருள்கள், புதிய வேதி முறைகளைத் தேடியவையே மிக மோசமாக அடிபட்டன. நிரல் எழுதியவை ஓரளவு தப்பின.

பணம் போனதைவிட எனக்கு வருத்தம் தருவது, பின்னால் நடந்தது. சூடுபட்ட முதலீட்டாளர்கள் 2012 முதல் இத்துறையைவிட்டு விலகினார்கள். மின்கலம், படலம், வினையூக்கி என்று ஆய்வகத்தில் பாதி வழி வந்திருந்தவை நின்றன. இவை இரண்டோர் ஆண்டில் முடிகிற வேலைகளா? லித்தியம் அயனி மின்கலத்தை நினைத்துப் பாருங்கள். விட்டிங்காம் எக்சான் எண்ணெய்க் கம்பெனியில் 1970-களில் தொடங்கினார். குட்இனப் 1980-இல் ஆக்ஸ்போர்டில் கோபால்ட் ஆக்சைடைக் கண்டார். ஜப்பானில் அசாஹி கசெய் கம்பெனியில் யோஷினோ 1985-இல் ஆபத்தில்லாத அமைப்பைச் செய்தார். சோனி 1991-இல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் நோபல் பரிசு 2019-இல். எண்ணெய்க் கம்பெனி, பல்கலைக்கழகம், இரசாயனக் கம்பெனி என்று மூன்று வகைப் பணம் கைமாறி வந்த கதை அது. பத்தாண்டுக் கெடு வைத்த நிதி எதுவும் அந்தத் தூரத்தை முழுவதும் கடந்திருக்காது.

நம் சென்னை ஐ.ஐ.டி.யில் 2013-இல் இரு முன்னாள் மாணவர்கள் தொடங்கிய ஏத்தர் மின் ஸ்கூட்டர் கம்பெனியையும் சொல்லலாம். முதல் வண்டி விற்பனைக்கு வந்தது 2018-இல். பங்குச் சந்தைக்கு வந்தது 2025-இல், அதுவும் நட்டத்தில் இருக்கும்போதே. தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள். இந்தக் கால அளவை உணர்ந்துதான் 2016 டிசம்பரில் பில் கேட்சும் பிறரும் நூறு கோடி டாலருக்கு மேல் திரட்டி அமைத்த நிதிக்கு இருபதாண்டு ஆயுள் வைத்தார்கள்.

அப்படியானால் பொறுமையான பணம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? என் வாதத்துக்கு இடைஞ்சலான எடுத்துக்காட்டு ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுவீடனில் 2016-இல் தொடங்கிய நார்த்வோல்ட் மின்கலக் கம்பெனிக்குக் கார்க் கம்பெனிகள், வங்கிகள், ஓய்வூதிய நிதிகள் எல்லாம் கைகொடுத்தன. திரண்ட தொகை 1,500 கோடி டாலர் அளவு. தெரிந்த வகை மின்கலம்தான், கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் உலோகத் தாளில் சில பத்து மைக்ரான் தடிமனுக்குப் பசையை ஒரே சீராகப் பூச வேண்டும். ஈரம் தொடக் கூடாது. ஒரு துகள் உலோகப் பொடி விழுந்தாலும் கலம் கழிவு. அந்தக் கைப்பழக்கம் வருவதற்குள் ஒரே நேரத்தில் பல நாடுகளில் ஆலைகள் திட்டமிட்டார்கள். 2024 ஜூனில் பி.எம்.டபிள்யூ. 200 கோடி யூரோ ஆர்டரை இரத்து செய்தது. 2025 மார்ச்சில் திவால். பொறுமையான பணத்தையும் அவசரமாகச் செலவழிக்க முடியும் போலிருக்கிறது.

மாணவர் கொண்டுவந்த செய்தித் துண்டை மீண்டும் வாங்கிப் படித்தேன். இந்த மின்கலத்தை எத்தனை முறை ஏற்றி இறக்கிப் பார்த்திருக்கிறார்கள், இதுவரை எத்தனை செய்திருக்கிறார்கள், நூற்றுக்கு எத்தனை தேறுகிறது என்று மூன்றையும் கண்டுபிடித்துச் சொல் தம்பி என்று அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துப் பார்த்தார். தொகை இருந்தது, பணம் போட்டவர்களின் பெயர்கள் இருந்தன. நான் கேட்ட மூன்றும் அதில் இல்லை.